வாக்குத்தத்தப் பெட்டி வாங்கலாமா?

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் வாங்கியது. உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே 150 அட்டைகள், அட்டைக்கு ஒரு வாக்குத்தத்தம், அதாவது கடவுளின் வாக்கைச் சொல்லும் ஒரு பைபிள் வசனம், விலை 120 ரூபாய். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து கோயிலில் தட்டை நீட்டுவார்களே, ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோமே, அதையே வருஷம் முழுக்க எடுப்பதற்கு வசதி செய்திருக்கிறார்கள். எனக்குத் தமிழில் ஒன்று, கேரளத்துப் பாறசாலையில் இருக்கிற அக்கா வீட்டுக்கு மலையாளத்தில் ஒன்று என்று இரண்டு வாங்கினேன். அக்காவின் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது.

கவலைப்படுவது எங்கள் அம்மா வழிச் சொத்து. எனக்கும் அக்காவுக்கும் சரிபாதியாக வந்திருக்கிறது. மகள் குவைத்தில் நர்ஸ். வாட்ஸ்அப்பில் நான் போட்ட செய்திக்கு ஒற்றை டிக்கிலேயே நின்றால் போதும், நெஞ்சு அடைக்கும். நைட் டூட்டியாக இருக்கும், போனில் சார்ஜ் இருக்காது என்றெல்லாம் புத்திக்குத் தெரியும். நெஞ்சுக்குத் தெரியாது. ஆக, இந்தப் பெட்டியை நான் அழகுக்கு வாங்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு வசனம் வேண்டும், கூடவே போனைத் தொடவும் கூடாது. அதற்குத்தான்.

பொருளைப் பற்றி முதலில். எழுத்து கொள்ளாம், கண்ணாடி இல்லாமலே வாசிக்கலாம். அட்டை வழவழப்பானது. ஜூன் மாசத்து இடவப்பாதி மழை தொடங்கியதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. ஒன்றை இழுத்தால் மூன்று வருகிறது. மூடியின் கீல் சீக்கிரமே உடைந்துவிட்டது, இப்போது ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். 120 ரூபாய்க்கு இவ்வளவுதான் என்று விட்டுவிடலாம்.

விட முடியாதது வசனங்களை வெட்டியிருக்கிற விதம். மத்தேயு 6:34-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் அட்டையில் 'நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்' என்பதோடு முடித்து, பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ. கவலைப்படுகிறவளிடம் கவலைப்படாதே என்று சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறார், அதற்கு அட்டை எதற்கு? அந்த வசனத்தில் எனக்கு வேண்டியது கடைசித் துண்டு: 'அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்.' பாடு இல்லை என்று இயேசு சொல்லவில்லை. இன்றைக்கு உள்ளதை இன்றைக்குச் சும, நாளைக்குள்ளதை இப்போதே தூக்காதே என்கிறார். அதைக் கேட்டால் எனக்கு மூச்சு கொஞ்சம் இறங்குகிறது. ரோஜாப்பூவுக்கு இடம் விட்டவர்கள் இந்த ஐந்து வார்த்தைக்கு இடம் விடவில்லை. அக்காவின் மலையாளப் பெட்டியை எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்தேன், அதில் வசனம் முழுசாக இருக்கிறது. பூ இல்லை.

எரேமியா 29:11 எல்லாப் பெட்டியிலும் உண்டு. 'சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்று வருமே, அது. பாபிலோனுக்குச் சிறை போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு வாசிக்கிறவளுக்கு மகளின் போன் ஒரு மணிநேரம் தாமதமானால் தாங்கும். அட்டையை மட்டும் பார்க்கிறவள் நாளைக் காலையிலேயே எல்லாம் சரியாகும் என்று எதிர்பார்ப்பாள்.

அடுத்தது, எடுக்கிற பழக்கம். அக்கா வீட்டில் பார்த்தேன். ஓர் அட்டை எடுத்தாள், முகம் மாறவில்லை, உள்ளே வைத்தாள். இன்னொன்று எடுத்தாள். "என்னக்கா?" என்றேன். "எடி, நல்லதொண்ணு வரட்டும்னு பாக்கேன்" என்றாள். எல்லையில் களியக்காவிளை தாண்டியதும் வரிசையாக லாட்டரிக் கடை. நம் பக்கம் 2003-லேயே தடை செய்தாயிற்று, கேரளத்தில் 1967 முதல் அரசாங்கமே நடத்துகிறது. அந்தக் கடை முன்னால் நின்று சீட்டு நம்பரை ஒத்துப் பார்க்கிறவர் முகமும் அக்கா முகமும் ஒன்றுபோலவே இருந்தன. மனப்பதற்றம் உள்ளவர்களுக்கு இதில் ஆபத்து இருக்கிறது. எடுக்க எடுக்க ஒரு நிமிஷம் நிம்மதி, அப்புறம் மறுபடி கை போகும்.

ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரின் மொராவிய சபையார் 1731 முதல் ஒவ்வொரு வருஷமும் தின வசனங்களைப் புத்தகமாக அச்சிடுகிறார்கள். அவர்களும் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். ஆனால் வருஷம் முழுவதற்கும் முன்கூட்டியே எடுத்து அச்சிட்டுவிடுவதால், இன்றைய வசனம் பிடிக்கவில்லை என்று திருப்பி வைக்க வழியில்லை. என் கணக்கில் அதுதான் சரி. நான் இப்போது காலையில் ஜெபம் முடிந்ததும் ஓர் அட்டை எடுத்து ஜன்னல் கம்பியில் செருகிவிடுகிறேன். ராத்திரி விழிப்பு வந்தாலும் அதே அட்டைதான், பெட்டி அலமாரியில்.

பெட்டியில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று தொடங்கும் 13-ஆம் சங்கீதம் இல்லை. 88 இல்லவே இல்லை, அதில் கடைசி வரி வரைக்கும் ஆறுதல் வராது. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே 'என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது' என்று சீஷர்களிடம் சொன்னதும் இல்லை. விசுவாசம் குறைவு, அதனால்தான் பயம் என்று யாராவது சொல்லும்போது எனக்குப் பிடிமானம் இந்த இடம்தான். இதை அட்டையில் போட்டால் விற்காது என்று நினைத்திருப்பார்கள்போல.

பெட்டியின் அடியில் 'கவலைக்கு அருமருந்து' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். அக்காவின் படபடப்புக்கும் கை நடுக்கத்துக்கும் உபவாச ஜெபம் வைத்தோம். டாக்டர் இரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார், தைராய்டு கூடுதல். மாத்திரை தொடங்கியபின் நடுக்கம் குறைந்தது, ஜெபமும் நிற்கவில்லை. யாரிடமாவது பேச வேண்டும், ஆனால் சபையில் சொல்லக் கூச்சம் என்றால் 14416 இருக்கிறது. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் அது, கட்டணம் இல்லை, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

சரி, வாங்கலாமா? தனியாக இருக்கிற வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாங்கலாம். வாங்குமுன் கடையிலேயே மூடியைத் திறந்து மத்தேயு 6:34 அட்டையைத் தேடிப் பாருங்கள். முழு வசனமும் இருந்தால் எடுங்கள். மலையாளம் வாசிப்பீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், அந்தப் பெட்டிதான். பாதி வசனம் கிடைத்தாலும் பின்பக்கம் வெற்றிடம்தான், மீதியை நீங்களே எழுதிக்கொள்ளலாம். பால்பாயிண்ட் வழுக்குகிறது, மார்க்கர் பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.