மிதக்கும் மரம்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு, விழுதுக்கு ஆதரவாக ஒரு வாதம்

தன் மிகுபுனைவுக் கதையில் மிதக்கும் மரங்களை வைக்கலாமா, வைத்தால் எந்த வகை உதவும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். கதையிலும், பகடை உருட்டிக் கதைமாந்தராக ஆடும் ஆட்டத்தின் உலகத்திலும் பல ஆண்டுகளாக அவற்றை வைத்துப் புழங்கியிருப்பதால் விரிவாகவே சொல்கிறேன். மந்திரத்தால் மிதப்பது, வேரில் மிதவைக்கல் (தானாகவே காற்றில் மிதக்கும் கற்பனைக் கல்) பதிந்தது, கிளைகளில் வாயுப்பை காய்ப்பது என மூன்று வகையும் இப்படிப்பட்ட உலகங்களில் புழங்குகிற எல்லோருக்கும் தெரியும். முதல் இரண்டிலும் எவ்வளவு எடை தூக்கும் என்பதை எழுதுபவரே முடிவு செய்துவிடலாம். குறை சொல்ல இடமில்லை. என்னை வாட்டி வதைத்ததும் மகிழவைத்ததும் மூன்றாவது வகை, வாயுப்பை மரம்தான்.

முதலில் என் தீராத எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். மிதக்கும் மரத்தை வரைபவர்களில் பெரும்பாலானோர் அடியில் ஒரு மண்கட்டியை ஒட்டவைத்து, வேர்நுனிகளைக் காற்றில் ஆடவிட்டு, அதோடு முடித்துவிடுகிறார்கள். ஒரு கனமீட்டர் ஈரமண் ஏறத்தாழ ஒன்றரை டன். அதை மட்டும் தூக்கவே பைகளில் 1,350 கனமீட்டருக்கு மேல் ஹைட்ரஜன் வேண்டும். மரத்தைவிட மண் கனமான மிதக்கும் மரத்தை எந்த விதை முளைக்கவைக்கும்? அந்த மண்கட்டியை எடுத்துவிட்டு, தரைவரை நீளும் ஒரு விழுதைப் போட்டிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். படத்தில் அழகாக இல்லை என்று அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

கணக்கு எளிது. கடல்மட்டத்தில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. அதே இடத்தை ஹைட்ரஜன் நிரப்பினால் தூக்குவிசை 1.1 கிலோ, ஹீலியம் என்றால் சுமார் 1 கிலோ. ஹீலியத்தை உருவாக்கும் உயிர் எதுவும் இல்லை. ஹைட்ரஜனைச் சில பச்சைப் பாசிகளும் பாக்டீரியாக்களும் நிஜமாகவே வெளியிடுகின்றன. ஆகவே ஹைட்ரஜன் என்று வைப்பதே நம்பும்படி இருக்கும். பச்சையாக 1 டன் எடையுள்ள நடுத்தர மரத்துக்கு ஏறத்தாழ 900 கனமீட்டர் வாயு தேவை. ஒரே பையாக இருந்தால் விட்டம் 12 மீட்டர்.

பையைச் சிறியதாக்கிக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிடலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். கால்பந்து அளவுள்ள ஒரு பை தூக்குவது 6 கிராம்தான். அதற்குள் தன் தோலையே தூக்க வேண்டும். அச்சடிக்கும் தாளில் பாதிக் கனத்துக்கு மேல் தோல் இருந்தால் அந்தப் பை தன்னையே தூக்காது. விட்டம் இரண்டு மடங்கானால் தோலின் பரப்பு நான்கு மடங்காகும், தூக்குவிசையோ எட்டு மடங்காகும். அதனால் 1 மீட்டருக்குக் குறைந்த விட்டமுள்ள பைகளை வைக்காதீர்கள். திராட்சைக் குலைபோல் குட்டிக் குட்டிப் பைகள் கண்ணுக்கு நன்றாக இருக்கும். மரம் தரையில்தான் கிடக்கும்.

மிதக்கவைப்பது ஒரு நாள் வேலை. மிதந்தபடி ஓரிடத்தில் நிற்கவைப்பதுதான் பாடு. மரத்தின் எடை ஒருபோதும் ஒரே அளவில் இருப்பதில்லை. இலைப்பரப்பின் கீழுள்ள நிலம் 100 சதுரமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையில் 1 மில்லிமீட்டர் அளவுக்கு நீர் இலைகளில் ஒட்டினாலே 100 கிலோ கூடிவிடும். பழம் பறித்தால் எடை குறையும், இலையுதிர்ந்தால் குறையும், வறட்சியில் குறையும். பெரிய மரம் வெப்பமான ஒரு நாளில் நூற்றுக்கணக்கான லிட்டர் நீரை ஆவியாக விடுகிறது. அதை ஈடுகட்டும் நீர் மேலே வராவிட்டால் மரம் உச்சிவெயிலில் மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டே போகும். கதையில் யாரோ ஏணி போட்டு 200 கிலோ பழம் இறக்கிய காட்சிக்கு அடுத்த பக்கத்தில் மரம் அதே உயரத்தில் நிற்பதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வரும். அந்த மரம் அப்போது 2 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும். அதுவும் பைகள் விறைப்பானவையாக இருந்தால்தான்.

பைகள் விறைப்பா தளர்வா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். விறைப்பான பையின் கொள்ளளவு மாறாது. மேலே போகப்போகக் காற்று மெலிவதால் தூக்குவிசை குறைந்து, ஓர் உயரத்தில் மரம் தானாக நின்றுவிடும். தளர்ந்த பையில் அப்படி நிகழாது. மேலே போக வாயு விரியும், விரியும் அளவுக்கு அதிகக் காற்றை ஒதுக்கும், தூக்குவிசை குறையவே குறையாது. பை முழுதாக உப்பிவிடும்வரை ஏறிக்கொண்டே இருக்கும். அதற்கு மேல் போனால் வாயு கசிய வேண்டும், இல்லையேல் பை கிழியும். விறைப்பு வகைதான் நல்லது என்று தோன்றும். ஆனால் உள்ளழுத்தத்தைத் தாங்க அதன் தோல் தடிமனாக வேண்டும், எடை கூடும், மேலே சொன்ன தாள் கணக்கு மறுபடி கழுத்தைப் பிடிக்கும்.

இந்த இடத்தில்தான் விழுது வந்து எல்லாவற்றையும் சரிசெய்தது. இந்த மரத்தைக் கைவிடாமல் வைத்திருக்க எனக்கு இருக்கும் ஒரே காரணமும் அதுதான்.

8 சென்டிமீட்டர் விட்டமுள்ள விழுது, கனமீட்டருக்கு 700 கிலோ அடர்த்தியில், மீட்டருக்கு 3.5 கிலோ எடை இருக்கும். மரத்திலிருந்து அது தொங்கித் தரையைத் தொட்டு, மீதி நீளம் சுருண்டு கிடக்கட்டும். மரம் 1 மீட்டர் எழும்பினால் தரையில் கிடந்த 1 மீட்டர் விழுதைக் கூடுதலாகச் சுமக்க வேண்டும். 1 மீட்டர் இறங்கினால் அவ்வளவு சுமை தரைக்குப் போய்விடும். யாரும் கயிறு இழுக்க வேண்டாம், வாயு திறக்க வேண்டாம், மரம் தன் உயரத்தைத் தானே தேடிக்கொள்ளும். மழையில் 100 கிலோ கூடினால் 29 மீட்டர் இறங்கி நின்றுவிடும். 200 கிலோ பழம் பறித்தால் 57 மீட்டர் ஏறி நிற்கும். ஆகவே சாதாரண நாளில் மரத்தின் அடி தரையிலிருந்து 40 மீட்டர் உயரத்திலாவது இருக்க வேண்டும்; தரையில் கிடக்கும் விழுது 60 மீட்டருக்குக் குறையக் கூடாது. இந்த இரண்டு அளவையும் எழுதி ஒட்டிவைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் வராது.

நான் எதிர்பார்க்காத மகிழ்ச்சியும் இதிலேதான் கிடைத்தது. வெயிலில் தளர்ந்த பைக்குள்ளிருக்கும் வாயு சுற்றுக்காற்றைவிட 10 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 3 சதவீதம் விரியும். 1 டன் மரத்துக்கு அது 35 கிலோ தூக்குவிசை. விழுதுக் கணக்கில் சரியாக 10 மீட்டர். தோப்பு முழுவதும் காலையில் எழும்பி மாலையில் இறங்கும். மேகம் மறைத்தால் அந்தப் பகுதி மட்டும் தாழும். இதை நான் விதியாக எழுதவேயில்லை, கணக்கே கொண்டுவந்து கொடுத்தது. அதன் பிறகு அந்த உலகத்தில் மணிக்கூண்டு தேவைப்படவில்லை. பழம் பறிப்பவர்கள் விடியலுக்கு முன்பே போவதற்கும், விழுது தேய்ந்து தேய்ந்து மரத்தைச் சுற்றிப் புல் முளைக்காத வட்டம் உண்டாவதற்கும் காரணம் கேட்டால் சொல்ல முடிகிறது.

நீரும் விழுது வழியாகவே ஏறும். உயிரோடிருக்கும் மிக உயரமான மரமான ரெட்வுட் 116 மீட்டர்வரை நீரை உறிஞ்சி ஏற்றுகிறது. 122 முதல் 130 மீட்டருக்கு மேல் மரம் வளர இயலாது என்று 2004-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. அதனால் உங்கள் மரத்தின் உச்சி, மிதக்கும் உயரத்தையும் சேர்த்து, 120 மீட்டரைத் தாண்டாமல் இருக்கட்டும். மேகத்துக்கு மேல் மிதக்கும் தோப்பு வேண்டுமென்றால் டில்லாண்ட்சியா போல இலைச் செதில்களாலேயே நீரை உறிஞ்சும் சிறு செடிகளாக வையுங்கள். பெரிய மரம் அங்கே காய்ந்துவிடும்.

பயன்களில் பாரந்தூக்கி வேலை மிக நன்றாக வருகிறது. வரிசை மட்டும் பிசகக் கூடாது. முதலில் மரத்தின் இடுப்பில் மணல்மூட்டைகளைக் கட்டி, தூக்க வேண்டிய கல்லின் எடைக்குச் சமமாகக் கீழே இறக்குங்கள். கல்லைக் கட்டுங்கள். அதன் பிறகே மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் மணலை ஏற்றிய பிறகே கல்லை அவிழ்க்க வேண்டும். இறக்கும் இடத்தில் மணல் தயாராக இல்லையென்றால் அந்தப் பயணத்தையே தொடங்கக் கூடாது. கல்லை அவிழ்த்த கணத்தில் அதன் எடை முழுவதும் மேல்நோக்கி இழுக்கும். கையில் கயிறு வைத்திருப்பவரும் கூடவே போவார்.

கப்பலாக்குவதைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்ல இயலாது. கட்டவிழ்ந்து மிதக்கும் மரம் காற்றின் வேகத்திலேயே போகிறது. அதன் மேல் நிற்பவருக்குக் காற்று வீசுவதே தெரியாது, இலைகூட அசையாது. பாய் கட்டினால் துவண்டு தொங்கும். விழுது தரையில் இழுபட்டால் மட்டும் மரம் காற்றைவிடச் சற்று மெதுவாகப் போகும், அப்போதுதான் பாய் பிடிக்கும், ஓரளவு திருப்பலாம். 1897-இல் வடதுருவத்துக்குப் பலூனில் புறப்பட்ட ஆந்த்ரே இந்த இழுகயிற்றையும் பாயையும்தான் நம்பினார். கிளம்பும்போதே கயிறுகளின் பெரும்பகுதி கழன்று விழுந்துவிட்டது. இன்னொன்று: கப்பலில் உணவும் நீரும் தீரத் தீர எடை குறையும். கிராஃப் செப்பலின் வான்கப்பல் காற்றின் அடர்த்தியை ஒத்த வாயுவையே எரிபொருளாகக் கொண்டதும், அமெரிக்காவின் அக்ரான், மேக்கான் வான்கப்பல்கள் இயந்திரப் புகையிலிருந்து நீரைக் குளிரவைத்துச் சேமித்ததும் இதே தொல்லைக்காகத்தான். உங்கள் மாலுமிகள் என்ன செய்கிறார்கள் என்று யாராவது கேட்பார்கள். பதில் வைத்திருங்கள்.

மரப்பலகை விஷயத்தில் ஒரே விதி: வெட்டிய பலகை மிதக்காது. லேசான மரமென்று பெயரெடுத்த பால்சாவே சராசரியாகக் கனமீட்டருக்கு 160 கிலோ, காற்றைப்போல் நூறு மடங்குக்கும் மேல். மிதப்பது பை மட்டும். இதைத் தளர்த்திப் பலகையும் மிதக்கும் என்று வைத்தால் ஆட்டக்காரர்கள் முதல் வேலையாகக் கோடாரி எடுப்பார்கள். வண்டி, கேடயம், காலணி எல்லாம் பறக்கும், உலகம் கையைவிட்டுப் போகும்.

தீயைப் பற்றிப் பலர் அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள். ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம்வரை கலந்திருந்தால் எரியும் என்பது உண்மை. திறந்தவெளியில் கசிந்தது உடனே மேலே போய்க் கரைந்துவிடும். கூரைக்கடியில் தேங்கும்போதுதான் ஆபத்து. ஆகவே மரத்தின் மேல் வீடு கட்டினால் பைகளுக்குக் கீழே கட்டுங்கள், உச்சியில் காற்றுத் துவாரம் இல்லாத கூரை போடாதீர்கள். இடி மின்னலில் ஈரவிழுது மின்னலை நேரே தரைக்கு இறக்கும். தனி மரமாக மேட்டில் நிற்பது முதலில் எரியும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு நண்பருக்கு என் தீர்ப்பு: வேண்டாம். புதிதாக உலகம் கட்டுபவர் வாயுப்பை மரத்தைத் தொடக் கூடாது. ஒவ்வொரு காட்சியிலும் யார் ஏறினார், யார் இறங்கினார், மழை பெய்ததா என்று கணக்கு வைக்கவேண்டியிருக்கும். கதைமாந்தர் பேசவேண்டிய இடத்தில் மணல்மூட்டை பேசும். மிதவைக்கல்லோடு நிறுத்திக்கொண்டால் நிம்மதி. என் உலகத்திலிருந்து நான் அதை அகற்றப் போவதில்லை, அது வேறு விஷயம்.

என் பேச்சைக் கேட்காமல் வாயுப்பை மரத்தையே வைக்கப்போகிறீர்கள் என்றால், போர்க் காட்சியில் ஒன்றை மறக்காதீர்கள். எதிரி பைகளைக் குறிவைத்து அம்பு எய்துகொண்டிருக்க மாட்டான். சிறு துளையில் வாயு மெல்லத்தான் கசியும். அவன் விழுதை மேலே ஏறி வெட்டுவான். தொங்கிய 40 மீட்டர் போனால் 140 கிலோ ஒரே வெட்டில் குறையும். மரத்தைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 130 கனமீட்டர் வாயுவைத் திறந்துவிட வேண்டும், அதையும் அளவு மீறித் திறந்துவிட்டால் இரவுக் குளிரில் மரம் தரையில் மோதும். அதனால் காவலர்களை உச்சியில் நிறுத்தாமல், விழுது அடிமரத்தில் இணையும் இடத்தில் நிறுத்துங்கள். பக்கத்தில் 140 கிலோ எடைக்கு ஒரு மாற்று வடத்தைச் சுருட்டி, ஒரு முனையை மரத்தில் கட்டியே வைத்திருங்கள்.