பின் இருக்கையில் என் பிள்ளைகள் இருந்தார்கள்: பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பட்டறையில் விடுமுன் ஓர் எச்சரிக்கை

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழுதுபார்த்து, மனைவி பிள்ளைகளோடு போய்வரத் தகுந்த வண்டியாக மாற்ற வேண்டும் என்று நினைத்திருப்பவர்கள், சாவியைப் பட்டறையில் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள். நான் 14 மாதங்கள் காத்திருந்தேன். கேட்டபோதெல்லாம் பணம் கொடுத்தேன். கண்ணாடிபோல் மின்னும் வண்டியை எடுத்துவந்து, அதன் பின் இருக்கையில் என் மகளையும் மகனையும் உட்கார வைத்து 7 மாதங்கள் ஓட்டினேன். அவர்களை எது தாங்கிக்கொண்டிருந்தது என்று பிறகுதான் பார்த்தேன். பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்கள் ஏமாற்றிய விதத்தைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வண்டி 1969ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி, பிரிட்டனின் எம்ஜி நிறுவனம் செய்தது. இருவர் உட்காரும் திறந்த காராக 1962இல் வந்தது எம்ஜிபி. 1965இல் அதற்கு நிலையான கூரையும், மேல்நோக்கித் திறக்கும் பின்கதவும் கொடுத்து ஜிடி ஆக்கினார்கள். அந்தக் கூரையின் வடிவத்தில் இத்தாலியக் கார் வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரீனாவின் கை இருக்கிறது. 1798 சிசி எஞ்சின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் எஸ்யூ கார்புரேட்டர்கள் இரண்டு, பின்னால் சிறுவர்கள் மட்டும் உட்காரக்கூடிய ஒரு குட்டி இருக்கை. அந்தக் குட்டி இருக்கைக்காகவே வாங்கினேன். நாங்கள் நால்வரும் சேர்ந்து போகலாம் என்பதுதான் என் ஆசை.

பட்டறைக்காரரிடம் நான் கேட்டவை இவைதான். துருப்பிடித்த தகடுகளை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். பிரேக்கை, ஒரு பாதை போனாலும் மற்றது வேலை செய்யும்படி, இரட்டைச் சுற்றாக மாற்ற வேண்டும். பின் இருக்கைக்கு முறையான சீட் பெல்ட் வேண்டும். ஈயம் இல்லாத பெட்ரோலுக்கு ஏற்றபடி, வால்வுகள் இருக்கும் எஞ்சின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் வேலை செய்ய வேண்டும். நெரிசலில் எஞ்சின் சூடாகாதிருக்க மின்விசிறி, ஹெட்லைட்டின் மின்சாரம் முழுவதும் சுவிட்ச் வழியாகப் போகாதிருக்க ரிலே, புதிய பெட்ரோல் ஹோஸ்கள். பெயிண்டைப் பற்றி நான் பேசவே இல்லை. அவராகத்தான் அந்தப் பேச்சை எடுத்தார். "சார், உங்கள் குழந்தைகள் எங்கள் குழந்தைகள் மாதிரி. கவலையே வேண்டாம்" என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் முதல் அட்வான்ஸைக் கொடுத்தேன்.

இப்போது நினைத்துப் பார்த்தால், கண்ணெதிரே இருந்த அறிகுறிகள் ஒன்றிரண்டு அல்ல. எப்போது போனாலும் வண்டி உள்கொட்டகையில் இருக்கும். "இன்று பெயிண்ட் காய்கிறது, தூசி படக்கூடாது" என்பார்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டேன். எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். தகடு வெட்டும்போது எடுத்த படம் கேட்டேன். ஒரே ஒரு படம் அனுப்பினார்கள். அழகாகப் பற்றவைத்த புதிய தகடு. ஆனால் அந்தப் படத்தின் ஓரத்தில் தெரிந்த வண்டித் தரையின் நிறம் பச்சை. என் வண்டியின் தரை சிவப்பு. பல மாதங்கள் கழித்து அதே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அது வேறு யாருடைய வண்டியோ என்று புரிந்தது.

வண்டியை எடுக்கப் போன நாளில் என் மகள் பின் இருக்கையின் புதுத் தோலைத் தடவிப் பார்த்தாள். க்ரோம் பம்பரில் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று வண்டிக்கு அடியில் ஒருமுறை படுத்துப் பார்த்திருந்தால் போதும்.

குட்டு உடைந்தது ஒரு பஞ்சரால். நால்வரும் போய்க்கொண்டிருந்தபோது பின்சக்கரம் காற்றிறங்கியது. ஓரமாக நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிட்டு, கதவுக்குக் கீழே உள்ள ஜாக்கி முனையில் ஜாக்கியைப் பொருத்திச் சுழற்றினேன். கைப்பிடி சுற்றுகிறது, சக்கரம் எழும்பவில்லை. உலர்ந்த ரொட்டியை நசுக்குவதுபோல ஒரு சத்தம். குனிந்து பார்த்தால், புத்தம் புது பெயிண்டில் கை அகலத்துக்கு ஒரு வெடிப்பு; அதற்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் பட்டி பொடிப்பொடியாகக் கொட்டுகிறது. ஜாக்கி வண்டியைத் தூக்கவில்லை, வண்டிக்குள்ளே நுழைந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக் கதவைத் திறக்கப் போனேன். அது இறுகிப்போய்த் திறக்க மறுத்தது.

எம்ஜிபிக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. உடலே எலும்புக்கூடு. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதியை சில் பேனல் என்பார்கள். வெளித்தகடு, உள்தகடு, நடுவே செங்குத்தாக ஒரு தகடு என்று மூன்றும் சேர்ந்துதான் வண்டியின் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஜிடிக்குக் கூரை கொஞ்சம் துணை செய்யும். ஆனாலும் வண்டியின் பலம் அடியில்தான். அது போனால் உடல் வளையும்; கதவு இறுகியதும் அதனால்தான். பக்கவாட்டிலிருந்து ஒரு வண்டி வந்து மோதினால் பிள்ளைகளுக்கும் அந்த வண்டிக்கும் நடுவே நிற்பவை இந்தத் தகடுகளும் கதவும்தான்.

வண்டியை வேறொரு வாகனத்தில் ஏற்றி, வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்து, ஒரு துணியில் சுற்றி, சில் பேனல் மீது வைத்தார். கீழே விழுந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தார். மறுபடி விழுந்தது. முன்சக்கரம் முதல் பின்சக்கரம் வரை அந்தக் காந்தம் ஒட்டிய இடங்கள் மூன்று மட்டும். "தம்பி, இது தகடு இல்லை" என்று மட்டும் சொன்னார். வெட்டித் திறந்தபோது, அழுகிய பழைய வெளித்தகட்டின் மேலேயே மெல்லிய மூடுதகடு ஒன்றைப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து, பொத்தல்களில் அலுமினிய வலையைத் திணித்து, மேலே பட்டி பூசித் தேய்த்திருந்தார்கள். நடுத்தகடு பாதிக்கு மேல் இல்லவே இல்லை. மூடிய இடத்துக்குள் ஈரம் தங்கி, உள்ளே துரு வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறது.

பில்லில் இதற்கு "பாடி வேலை முழுவதும்" என்று ஒரே ஒரு வரி.

அடுத்ததாகப் பின் இருக்கையைக் கழற்றினோம். இதை எழுதும்போது இப்போதும் என் கை நடுங்குகிறது. சீட் பெல்ட்டைப் பிடிக்கும் போல்ட்டுகள், மெல்லிய தரைத்தகட்டில் துளை போட்டு, அடியில் சாதாரண வாஷர் வைத்து முறுக்கப்பட்டிருந்தன. அடிப்பக்கம் கையை விட்டுத் தடவினேன். வாஷரின் விளிம்பு தகட்டுக்குள் பதிந்து, அதைச் சுற்றித் தகடு ஏற்கெனவே வளைந்திருந்தது. முறையான வேலை என்றால், போல்ட் 7/16 அங்குல அளவில், பெல்ட்டுக்கென்றே செய்த உறுதியான ரகமாக இருக்க வேண்டும். தரையின் அடியில் தடித்த வலுவூட்டுத் தகடு ஒன்றைப் பொருத்தி, இழுவிசை ஒரே புள்ளியில் விழாமல் பரவச் செய்ய வேண்டும். அந்தத் தகடு பதியும் இடம் துருவற்ற நல்ல இரும்பாக இருக்க வேண்டும். என் வண்டியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. வேகமாகப் போகும்போது ஏதாவது மோதியிருந்தால், பெல்ட் அறுந்திருக்காது. தரையோடு பிய்த்துக்கொண்டு வந்திருக்கும். என் மகனுக்கு ஆறு வயது. ஒவ்வொரு முறையும் அவன் பெல்ட்டை மாட்டும்போது 'க்ளிக்' என்று கேட்டதும் நான் நிம்மதியாக வண்டியை எடுத்திருக்கிறேன்.

அதே இருக்கைக்கு அடியில்தான் பேட்டரிகளும் இருக்கும். அந்தக் கால எம்ஜிபிகளில் 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து அங்கே வைத்திருப்பார்கள். அவற்றைத் தாங்கும் கூடு அரித்துப்போய், ஒரு பேட்டரியைக் கம்பி சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

சிலிண்டர் ஹெட் விஷயம் வேறு வகை ஏமாற்று, ஏனென்றால் அது வெளியே தெரியவே தெரியாது. ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவே ஈயம் ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்து காப்பாற்றியது. அது இல்லாதபோது, தொடர்ந்து வேகமாக ஓட்டினால் வார்ப்பிரும்பு தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். அதைத் தடுக்க, லேத் பட்டறையில் ஹெட்டைக் குடைந்து கடினமான எஃகு வளையங்களைப் பொருத்துவார்கள். பில்லில் இதற்குத் தனித்தொகை போட்டிருந்தார்கள். வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் டேப்பெட் இடைவெளியை, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்து மாதம் ஒருமுறை பார்க்கும் பழக்கமுள்ளவன் நான். இந்த எஞ்சினுக்கு அது 0.38 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளில் மட்டும் ஒவ்வொரு மாதமும் குறைந்துகொண்டே வந்தது. நான் சரிசெய்து வைப்பேன், மீண்டும் குறையும். வால்வு இறங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. பட்டறைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டபோது, புது வேலை என்பதால் "செட் ஆகிக்கொண்டிருக்கிறது" என்றார். பெரியவர் ஹெட்டைக் கழற்றிக் காட்டினார். வளையம் பொருத்தியிருந்தால் வால்வைச் சுற்றி வேறொரு உலோகத்தின் கோடு தெளிவாகத் தெரியும். ஒரு கோடும் இல்லை. அந்த ஹெட்டை யாரும் கழற்றியதாகவே தெரியவில்லை.

பிரேக்குக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. என் வண்டியில் பிரேக் ஆயில் ஒரே சுற்றில் ஓடுகிறது. ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரங்களுக்கும் கால் பிரேக் போய்விடும். இரட்டைச் சுற்றாக்கிவிட்டோம் என்றார்கள். பிரேக் பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் குழாய் ஒன்றுதான் இருந்தது. இரண்டு இருக்க வேண்டும். பழைய சிலிண்டருக்கே கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தார்கள். ரப்பர் ஹோஸை மடக்கிப் பார்த்தால் வெடிப்புகள் வாய்பிளந்தன.

ஒயரிங்கையும் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியில் பழுப்பு நிற ஒயர் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் இல்லாமல் நேராக வருவது. மின்விசிறிக்கு அந்தப் பழுப்பு ஒயரிலிருந்தே, அழுத்திக் கவ்வும் மலிவான பிளாஸ்டிக் கிளிப் போட்டு மின்சாரம் எடுத்திருந்தார்கள். கிளிப்பைத் திறந்தபோது தாமிர இழைகளில் பாதி அறுந்திருந்தன, மீதி கறுத்திருந்தன. விசிறியின் ஒயர் எங்காவது உரசி உடலில் பட்டிருந்தால், மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு ஃப்யூஸ்கூட இல்லை. ஹெட்லைட் ரிலே பொருத்தவே இல்லை. இரவில் ஓட்டும்போது சுவிட்ச் சுட்டதற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது.

படங்கள், காந்தம், வெட்டி எடுத்த தகட்டுத் துண்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். "பழைய கார் என்றால் அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். உங்கள் குழந்தைகள் மாதிரி என்று சொன்னீர்களே என்று கேட்டேன். அவர் தலையைத் திருப்பி, உதவியாளனிடம் வேறு ஏதோ வேலை சொன்னார். பணம் ஒரு காசுகூடத் திரும்ப வரவில்லை. எழுத்தில் அவர் என்ன ஒப்புக்கொண்டார் என்று தேடிப் பார்த்தபோது என்னிடம் இருந்தவை ஐந்து வரி பில்லும் வாய்வார்த்தையும்தான்.

ஆகவே கெஞ்சிக் கேட்கிறேன். எந்தத் தகடு, எந்த இடம், எந்தப் பாகம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். தகட்டை வெட்டித் திறந்தபோது ஒருமுறை, பற்றவைத்து முடித்தபோது ஒருமுறை, பட்டியும் ப்ரைமரும் படும் முன் நேரில் போய்ப் பாருங்கள். அதற்கு அனுமதி இல்லை என்றால் அன்றே வண்டியை எடுத்துவிடுங்கள். கழற்றிய பாகங்கள் ஒரு பெட்டியில் உங்களிடம் வந்து சேர வேண்டும். எடுத்துவரும் நாளில் துணி சுற்றிய காந்தம் ஒன்று கையில் இருக்கட்டும். ஜாக்கி முனையில் வண்டியைத் தூக்கச் சொல்லி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவின் இடைவெளி மாறினால் பணத்தைக் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் உட்காரும் இடத்தில் கம்பளத்தை நீங்களே தூக்கிப் பாருங்கள்.

வண்டி இப்போது பெரியவரின் கொட்டகையில், இரண்டு பக்கமும் திறந்த நிலையில் நிற்கிறது. தகடு வெட்டும்போது உடல் வளைந்துவிடக்கூடாது என்று கதவு வாசலின் குறுக்கே இரும்புச் சட்டம் கொடுத்திருக்கிறார். வலப்பக்கம் மூன்று தகடுகளும் ஏறிவிட்டன. நேற்று மாலை தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, பெல்ட்டுக்கு அடித்தகடு பற்றவைத்துவிட்டேன். பெயிண்ட் பூசவில்லை. வந்து கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போ" என்றார். நாளை காலை என் மகளையும் அழைத்துக்கொண்டு போகிறேன்.