கோத்தகிரியில் மூன்று வாரம்: அப்பாவின் வயிற்றுத் தழும்பு

மெல்போர்னிலிருந்து இந்த முறை மூன்று வார லீவில் கோத்தகிரி போயிருந்தேன். முதல் நாள் காலை அப்பா குளித்துவிட்டு வேட்டி மாற்றும்போதுதான் கவனித்தேன். தொப்புளுக்கு மேலே, பழைய தழும்பை ஒட்டி, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. இருமினால் வெளியே தள்ளுகிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது. "ஆறு மாசமா இருக்கு கண்ணு, வலியில்லையே" என்றார். வாரத்துக்கு இரண்டு முறை வீடியோ காலில் பேசுகிறோம். புண் ஆறிடுச்சா என்றுதான் நான் கேட்டிருக்கிறேன். அதற்கு அவர் உண்மையான பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்.

பதினாறு மாதம் முன்பு நள்ளிரவில் அல்சர் ஓட்டையாகி, வயிறு பலகை மாதிரி இறுகிப்போய், 108 ஆம்புலன்ஸில் மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறக்கினார்கள். வயிற்றை நடுவில் திறந்து உயிரைக் காப்பாற்றிய டாக்டர்களை மறக்கவே முடியாது. ஆனால் டிஸ்சார்ஜ் தாளை இப்போது எடுத்துப் படித்தேன். மூன்று பக்கமும் ஆங்கிலம். மாத்திரைப் பெயர்கள், தையல் பிரிக்கும் தேதி, அவ்வளவுதான். அந்த இடத்தில் பின்னால் ஹெர்னியா, அதாவது பலமிழந்த தழும்பு வழியாக உள்ளே இருப்பது இப்படிப் புடைத்துத் தள்ளுவது, வரலாம் என்று ஒரு வரிகூட இல்லை. முப்பது வருஷம் தேயிலை ஃபேக்டரியில் உழைத்தவர் அந்தத் தாளை வைத்து என்ன செய்வார்? பத்திரமாகப் பீரோவில் வைத்திருந்தார்.

நீலகிரியிலேயே ஒரு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். இரண்டு மணி நேரக் காத்திருப்பு. ஆனால் டாக்டரம்மா இருபது நிமிஷம் உட்கார்ந்து பேசினார். "அன்னிக்குத் தையல் சரியாப் போடலீங்களா?" என்று அப்பா கேட்டார்.

"தையலை மட்டும் சொல்லிட முடியாதுங்கய்யா" என்றார் அவர். வெளித்தோல் பத்துப் பதினைந்து நாளில் ஒட்டிவிடும். வயிற்றைத் தாங்குகிற உள்சவ்வு இறுக மாதக்கணக்கில் ஆகும், அப்போதும் பழைய பலம் முழுதாகத் திரும்பாது. நடுவயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு இது வருகிறதாம். அவசர ஆபரேஷனில் ஆபத்து இன்னும் கூடுதல். நாள் குறித்துச் செய்வதென்றால் பீடியை நிறுத்தி, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, ரத்தசோகை இருந்தால் சரிசெய்து மேஜையில் ஏற்றலாம். நள்ளிரவில் அதற்கு ஏது நேரம்? குடல் வீங்கியிருப்பதால் தையலை உள்ளிருந்து முட்டும். இரைப்பையிலிருந்து கசிந்தது வயிறெங்கும் பரவியிருப்பதால் சீழ் பிடிக்கும் வாய்ப்பும் அதிகம். அப்பாவுக்கு இரண்டாம் வாரம் சீழ் வந்தது நினைவுக்கு வந்தது. சீழ் பிடித்த காயத்தில்தான் ஹெர்னியா அதிகம் வருகிறது.

மற்ற காரணங்களெல்லாம் எங்கள் வீட்டிலேயே இருந்தன. நாற்பது வருஷப் பீடி. மலைக்குளிரில் விடாத இருமல், ஒவ்வொரு இருமலும் தழும்பின் மேல் ஒரு குத்து. மலச்சிக்கலில் முக்குவதும் அப்படித்தான். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை மாதாமாதம் வீட்டுக்கே வருகிறது. மிக நல்ல சேவை. அப்பாதான் பாதி நாள் போடுவதில்லை. அதற்கு மேல், ஆபரேஷனாகி ஐந்தாவது வாரமே கேஸ் சிலிண்டரைத் தூக்கி நாற்பது படி ஏறியிருக்கிறார்.

வயிற்று பெல்ட் சௌகரியத்துக்குத்தான், ஹெர்னியாவைக் குணப்படுத்தாது என்றும் டாக்டரம்மா சொன்னார். வெளியே வந்ததும் சிஸ்டர் ஒருவர், இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார். இரண்டே நிமிஷ வேலை. டிஸ்சார்ஜ் அன்றே யாராவது இதைச் செய்திருக்கலாம் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

அன்று இரவு பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன்: புடைப்பு கல் மாதிரி இறுகினால், உள்ளே போகாமல் நின்றால், நிறம் மாறினால், வலியோடு வாந்தி வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108. உள்ளே குடல் சிக்கி ரத்த ஓட்டம் நின்றுபோகலாம். பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

பீடியை விட்டு நாலு வாரமாவது ஆகி, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவும் இறங்கிய பிறகு, பலமிழந்த இடத்தைத் தாங்க வலை வைத்துத் தைக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. நான் கிளம்பும்போது அப்பா பீடியை விட்டுப் பதினேழு நாள். இப்போது போனில் நான் முதலில் கேட்பது இருமலைத்தான்.