தப்பு விடையைத் தொட்டால் என்ன நடக்கிறது? குழந்தைகளுக்கான கல்வி மென்பொருள்களும் கேம்களும், நேருக்கு நேர்

பிள்ளைகளின் கல்வி மென்பொருள் பற்றிப் பெற்றோரிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். "படிப்பு ஆப்தானே, பார்க்கட்டும்" என்பது ஒன்று. "கேம் என்றாலே வேண்டாம்" என்பது மற்றொன்று. இரண்டுமே பெயரைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு. படிப்பு என்று பெயர் போட்ட ஆப்பில் பிள்ளை முக்கால்வாசி நேரம் பொம்மைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருக்கலாம். கேம் என்று ஒதுக்கிய ஒன்றில் வகுத்தல் கணக்கை மனத்துக்குள்ளேயே போட்டுக்கொண்டிருக்கலாம்.

எடைபோட எளிய சோதனை ஒன்று இருக்கிறது. பத்து நிமிடம் நீங்களே உட்கார்ந்து, வேண்டுமென்றே தப்பான விடையாகக் கொடுத்துக்கொண்டே போங்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்லும் கேள்வி. தப்பென்றால் ஒரு சத்தம். திரும்ப அதே நான்கு விடைகள். இப்படி இருந்தால் ஐந்து வயதுப் பிள்ளை சீக்கிரமே ஒரு உத்தியைக் கண்டுபிடித்துவிடும்: நான்கையும் வரிசையாகத் தொடுவது. லெவல் ஏறும், கைத்தட்டல் கேட்கும், கணக்கு மட்டும் வராது. தப்பு எவ்வளவு தப்பு, எந்தப் பக்கம் தப்பு என்று கண்ணுக்குக் காட்டும் மென்பொருளில்தான் பிள்ளை யோசிக்கத் தொடங்கும். வீடுகளில் அதிகம் பேசப்படும் சிலவற்றை இந்தச் சோதனையில் வைத்துப் பார்ப்போம்.

ஜிகாம்ப்ரியும் கான் அகாடமி கிட்ஸும்

நான்கிலிருந்து ஏழு வயதுக்குப் போட்டி இந்த இரண்டுக்கும்தான். இரண்டும் இலவசம், இரண்டிலும் விளம்பரம் இல்லை. ஜிகாம்ப்ரி 2000-இல் பிரான்சில் தொடங்கப்பட்ட கட்டற்ற மென்பொருள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பயிற்சிகள் உண்டு. லினக்ஸ், விண்டோஸ், ஆண்ட்ராய்டு எதிலும் ஓடும். நிறுவிய பிறகு இணையம் தேவையில்லை. கேரள அரசுப் பள்ளிகளின் லினக்ஸ் தொகுப்பிலும் இது இடம்பெற்றது. கான் கிட்ஸ் 2018-இல் வந்தது. இரண்டு முதல் எட்டு வயது வரை என்று அவர்களே சொல்கிறார்கள்.

பார்வைக்குக் கான் கிட்ஸ்தான் முந்தும். ஓவியம், இசை, கதைப் புத்தகங்கள் எல்லாம் ஒரே தரத்தில் இருக்கும். பிள்ளை எப்படிச் செய்கிறது என்று பார்த்து அடுத்த பாடத்தை அதுவே எடுத்துவைக்கும். ஆனால் பேசுவது ஆங்கிலம், அதுவும் அமெரிக்க உச்சரிப்பில். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளரும் நான்கு வயதுக் குழந்தைக்கு எண்ணத் தெரிந்திருக்கும். கேள்வி புரியாமல் தப்புச் செய்யும். எண்ணத் தெரியாத தப்பையும் கேள்வி புரியாத தப்பையும் ஆப்பால் பிரித்துப் பார்க்க முடியாது. "எங்கள் பிள்ளைக்குத் தெரிந்ததையே திருப்பித் திருப்பிக் கொடுக்கிறது" என்ற குறை வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் ஒருமுறை சொல்லிவிடுங்கள். கேள்வியின் வடிவம் பிடிபட்டதும் பிள்ளை தானாகப் போகும்.

ஜிகாம்ப்ரியின் தரம் பயிற்சிக்குப் பயிற்சி மாறும். எழுத்தைக் கேட்டுத் தொடும் பயிற்சிகள் சில, மேலே சொன்ன நான்கையும் தொடும் உத்திக்குத் தோற்றுப்போகும். தராசுப் பயிற்சி அப்படியில்லை. ஒரு தட்டில் பொட்டலம், கீழே எடைக்கற்கள். பொட்டலம் 7 என்றால், 5 கல்லை வைக்கும்போது தட்டு கொஞ்சம் இறங்கும், ஆனால் நேராகாது. 4 கல்லையும் சேர்த்தால் மறுபக்கம் சாயும். 4-ஐ எடுத்துவிட்டு 2-ஐ வைத்தால் சமமாகும். 'தப்பு' என்று யாரும் சொல்லவில்லை. எவ்வளவு அதிகம், எவ்வளவு குறைவு என்று தட்டே காட்டிவிட்டது. மேல்நிலைகளில் சமன்செய்த பின் பொட்டலத்தின் எடையை எண்ணாக எழுதவும் கேட்கும். கால்வாய் மதகைத் திறந்து படகைக் கடத்தும் பயிற்சியும் இதே ரகம்: இரண்டு பக்கமும் நீர்மட்டம் சமமாகாமல் கதவைத் திறக்க முடியாது, வரிசையைப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும்.

நிறுவியதும் முதல் வேலையாக அமைப்புகளுக்குப் போய் நட்சத்திர வடிகட்டியைச் சரிசெய்யுங்கள். ஒன்று முதல் மூன்று நட்சத்திரம் வரை ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு; நான்கு முதல் ஆறு வரை பெரிய பிள்ளைகளுக்கு. வடிகட்டாமல் விட்டால் நான்கு வயதுக் குழந்தை மின்சுற்றுப் பயிற்சியில் போய் மாட்டிக்கொண்டு, இரண்டாவது நாள் மென்பொருளையே தொடாது. "பிள்ளைக்குப் பிடிக்கவில்லை" என்று கைவிடும் பல வீடுகளில் நடப்பது இதுதான். பழைய மடிக்கணினியில் திறந்ததும் கறுப்புத் திரை வந்தால், விண்டோஸ் மெனுவில் சேஃப் மோட் என்று தனியாக ஒன்று இருக்கும், அதில் திறந்து பாருங்கள்.

தமிழ் வாசிப்புக்கு இந்த இரண்டையும் நம்பவேண்டாம். அதற்கு ஏற்றது கூகுளின் ரீட் அலாங். 2019 மார்ச்சில் 'போலோ' என்று இந்தியாவில் இந்தி, ஆங்கிலத்தில் தொடங்கி, அடுத்த ஆண்டு பெயர் மாறியது; தமிழிலும் உண்டு. பிள்ளை உரக்க வாசிக்கும், ஆப் கேட்டுக்கொண்டிருக்கும், தடுமாறும் சொல்லைத் தொட்டால் உச்சரித்துக் காட்டும். டிவி ஓடும் அறையில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். சத்தம் கலந்தால் சரியாக வாசித்ததையும் தப்பென்று எடுத்துக்கொள்ளும், பிள்ளைக்குச் சலித்துவிடும். வாசித்தது புரிந்ததா என்று கதை முடிந்ததும் நீங்கள்தான் கேட்கவேண்டும்.

வாய்ப்பாட்டுக்கு: டக்ஸ் மேத்தா, ப்ராடிஜியா?

டக்ஸ் மேத்தில் வானத்திலிருந்து எரிகற்கள் விழும். ஒவ்வொரு கல்லிலும் ஒரு கணக்கு. விடையைத் தட்டி என்டர் அழுத்தினால் கல் சுடப்படும்; தப்பென்றால் கல் விழுந்துகொண்டே இருக்கும், கீழே பென்குயினின் பனிவீடு அடிவாங்கும். விடையைத் தானே தட்ட வேண்டும் என்பதால் ஊகித்துத் தப்பிக்க வழியில்லை. குறை என்னவென்றால், இது சொல்லிக்கொடுக்காது. 7×8 என்றால் என்னவென்றே புரியாத பிள்ளைக்கு விழும் கல் வெறும் பதற்றம். புரிந்துவிட்டது, வேகம்தான் வரவில்லை என்ற கட்டத்தில் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் நல்ல பலன் இருக்கும். நேராகப் போர்க்களத்துக்கு விடாமல் அதிலுள்ள பயிற்சிப் பள்ளிப் பகுதியில் தொடங்குங்கள். எண்ணைப் பார்த்துத் தட்டுவதிலிருந்து படிப்படியாக ஏறும்.

ப்ராடிஜி கனடாவிலிருந்து வருவது, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை. பிள்ளை ஒரு மந்திரவாதியாக உலகம் சுற்றும். எதிரியோடு மோதும்போது கணக்கு வரும், சரியாகச் செய்தால் மந்திரம் பலிக்கும். பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் கடிகாரம் வைத்துப் பாருங்கள்: நடப்பது, உடை மாற்றுவது, செல்லப்பிராணி சேர்ப்பது எல்லாம் போகக் கணக்குக்கு மிஞ்சும் நேரம் எவ்வளவு? கணக்கும் கதையும் ஒட்டவே இல்லை. மந்திரம் போட ஏன் பின்னத்தைக் கூட்டவேண்டும் என்பதற்குக் கேமுக்குள் காரணமில்லை. வாசலில் சீட்டுக் கேட்பதுபோல் கணக்கு நிற்கிறது. நல்ல பொருள்களும் பிராணிகளும் கட்டணம் கட்டிய பிள்ளைக்கே. 2021 பிப்ரவரியில் அமெரிக்கக் குழந்தை நல அமைப்புகள் அந்நாட்டின் வர்த்தக ஆணையத்தில் இதைப் பற்றிப் புகார் கொடுத்தன. கட்டண உறுப்பினராகும்படி வீட்டுப் பதிப்பு பிள்ளைகளை ஓயாமல் தூண்டுகிறது என்பது அதில் முக்கியமான குற்றச்சாட்டு. வாய்ப்பாட்டுக்காக என்றால் அழகில்லாத டக்ஸ் மேத்தே மேல்.

ஸ்கிராட்சும் மைன்கிராஃப்டும்

தீர்ப்பு சொல்லக் கடினமான இடம் இது. ஒன்றைப் படிப்பென்றும் மற்றதைக் கேமென்றும் எல்லோரும் பிரித்து வைத்திருக்கிறார்கள். சோதனையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வாங்குகின்றன.

கட்டைகளைக் கோத்து நிரல் எழுதும் ஸ்கிராட்சை அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேப் 2007-இல் வெளியிட்டது. எட்டு வயதுக்கு மேல் பொருந்தும். ஐந்து முதல் ஏழு வயதுக்கான ஸ்கிராட்ச் ஜூனியர் 2014-இல் வந்தது. அதில் எழுத்தே தேவையில்லை, படக்கட்டைகள்தான். திரையை 20×15 கட்டங்களாகக் காட்டச் சொல்லலாம். பூனை மூன்றாவது கட்டத்தில், மரம் பதினொன்றாவது கட்டத்தில். பிள்ளை நீலக் கட்டையில் 5 என்று போட்டுப் பச்சைக் கொடியைத் தொடுகிறது; பூனை பாதியில் நிற்கிறது. 10 என்று மாற்றினால் தாண்டிப் போகிறது. பிறகு விரலால் கட்டங்களை எண்ணி 8 என்று போடுகிறது. இதுதான் நாம் தேடும் காட்சி. பெரிய ஸ்கிராட்சில் மேடையின் கிடை அச்சு -240 முதல் 240 வரை போகும். பள்ளியில் குறை எண்கள் வருவதற்கு முன்பே பிள்ளை அவற்றைப் புழங்கிவிடும்.

ஸ்கிராட்ச் வீணாவது ஒரே வழியில்தான்: தளத்தில் மற்றவர்கள் செய்து வைத்த கேம்களை விளையாடிக்கொண்டே இருப்பது. கணினியில் நிறுவிக்கொள்ளும் ஆஃப்லைன் பதிப்பைக் கொடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை. முதல் நாளே "ஒரு கேம் செய்" என்று சொல்லாதீர்கள்; "பூனை மரத்தைத் தொட்டதும் 'வணக்கம்' சொல்லணும்" என்பதுபோல் ஒரு சின்ன வேலை கொடுங்கள்.

மைன்கிராஃப்ட், கனசதுரக் கட்டிகளை வெட்டிச் சேர்த்து விரும்பியதைக் கட்டும் கேம்; காசு கொடுத்து வாங்க வேண்டியது. எந்த நிலையில் விளையாடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெற்றோர் பலர் பாதுகாப்பு என்று நினைத்து கிரியேட்டிவ் நிலையைத் திறந்துவிடுகிறார்கள். அதில் எல்லாப் பொருளும் அளவில்லாமல் கிடைக்கும், எனவே கணக்கே தேவைப்படாது. சர்வைவல் நிலையைத் தேர்ந்து, கடினத்தன்மையைப் 'பீஸ்ஃபுல்' என்று வையுங்கள். அரக்கர்கள் வரமாட்டார்கள், பசிக்காது. ஆனால் எதையும் சேகரித்துத்தான் செய்யவேண்டும். அப்போது நடக்கும் கணக்கைப் பாருங்கள். ஒரு மரக்கட்டை 4 பலகை தரும். 2 பலகைக்கு 4 குச்சி. ஒரு நிலக்கரியும் ஒரு குச்சியும் சேர்ந்தால் 4 தீப்பந்தம். சுரங்கத்துக்கு 64 தீப்பந்தம் வேண்டுமென்றால் 16 நிலக்கரி, 16 குச்சி, அதாவது 8 பலகை, அதாவது 2 கட்டை. பெட்டி ஒன்றுக்கு 8 பலகை. மூன்று பெட்டிக்கு எத்தனை மரக்கட்டை என்று கேளுங்கள், வகுத்தல் பிடிக்காத பிள்ளையும் ஆறு என்று சொல்லும். கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு, கேமுக்குள் மின்கம்பிபோல் வேலை செய்யும் ரெட்ஸ்டோன் இருக்கிறது: சிக்னல் 15 கட்டத்தோடு நின்றுவிடும், பதினாறாவதில் விளக்கு எரியாது. ஏன் எரியவில்லை என்று பின்னோக்கி எண்ணிப் பார்த்து, நடுவில் சிக்னலைப் புதுப்பிக்கும் ரிப்பீட்டர் வைப்பது அசலான பழுதுபார்ப்பு.

இதற்கு எதிராக ஒன்று சொல்லியே ஆகவேண்டும். செய்முறைப் புத்தகம் என்று ஒரு பொத்தான் உண்டு. அதைத் தொட்டால் அளவெல்லாம் தானாக நிரம்பிவிடும். எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே எண்ணும் பழக்கம் வராத பிள்ளை அதிலேயே ஓட்டிவிடும். மைன்கிராஃப்டில் படிப்பு நடப்பது பக்கத்தில் ஒருவர் கேள்வி கேட்கும்போதுதான். தனியே விட்டுவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டுமென்றால் ஸ்கிராட்சே பாதுகாப்பான தேர்வு. ஃபோனிலும் ஓடும் பெட்ராக் பதிப்பில் உலகத்தை உருவாக்கும்போதே, மற்றவர்களை உள்ளே வரவிடும் மல்டிபிளேயர் பொத்தானை அணைத்துவிடுங்கள்.

டக்ஸ் பெயின்ட் பற்றிச் சில வரி: 2002-இலிருந்து வரும் இலவச ஓவிய மென்பொருள், மூன்று வயதிலிருந்து கொடுக்கலாம். சேமிக்கும்போது கோப்புப் பெயர் கேட்காது. கூடவே வரும், அமைப்புகளை மாற்றுவதற்கான கன்ஃபிக் நிரலில் அச்சிடுவதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் மை தீரும். வெளியேறும் பொத்தானையும் மறைக்கலாம். அப்போது வெளியேற ஷிஃப்ட், கன்ட்ரோல், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தவேண்டும்.

பணம், நேரம்

பெற்றோரின் மனக்குறைகளில் பெரும்பகுதி பாடத்தைப் பற்றியதே இல்லை, பணத்தைப் பற்றியது. ஏபிசிமவுஸ் என்ற குழந்தைக் கல்வி ஆப்பின் நிறுவனம் தானாகப் புதுப்பிக்கும் சந்தாவை மறைத்து, ரத்துசெய்வதைக் கடினமாக்கியது என்ற வழக்கில் 2020-இல் அமெரிக்காவில் 1 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. இந்தியக் கல்வி அமைச்சகமும் 2021 டிசம்பரில், எட்-டெக் (இணையவழிக் கல்வி) சந்தாக்களுக்குத் தானாகப் பணம் பிடிக்கும் வசதியைத் தவிர்க்கும்படி பெற்றோரை எச்சரித்தது. ஆப்பை ஃபோனிலிருந்து அழித்தால் சந்தா நின்றுவிடாது. பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்துசெய்ய வேண்டும். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பட்டியலையும் திறந்து பாருங்கள். இலவசச் சோதனைக் காலம் என்றால் கடைசி நாள் வரை காத்திருக்காமல் ஒரு நாள் முன்னதாகவே செய்துவிடுங்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமைப்பது ஒரு நிமிட வேலை.

நேரத்துக்கு, உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. ஆனால் வீட்டில் சண்டை வருவது பெரும்பாலும் எவ்வளவு நேரம் என்பதால் அல்ல, எந்த இடத்தில் நிறுத்தச் சொல்கிறோம் என்பதால்தான். கான் கிட்ஸில் ஒரு பாடம் சில நிமிடம். "இந்தப் பாடத்தோடு போதும்" என்றால் கேட்டுக்கொள்வார்கள். மைன்கிராஃப்டுக்கு முடிவே கிடையாது, அதனால் முடிவை அதற்குள்ளிருந்தே எடுக்கவேண்டும். அங்கே ஒரு பகல் 10 நிமிடம். இருட்டியதும் கட்டிலில் படுத்தால் இரவு கடந்துவிடும். கட்டிலுக்கு 3 கம்பளி, 3 பலகை போதும். "மூன்றாவது தடவை படுத்து எழுந்ததும் மூடிவிடணும்" என்று பேசிவைத்தால் ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். எழுந்து நிற்கும் அந்த நேரத்தில் கையில் பாதி வேலை இருக்காது.