நேக்கட் ஐலண்ட்: காவடியில் தண்ணீர் சுமக்கும் ஒரு புருஷன் பெண்டாட்டி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் பக்கம் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிற எனக்கும் அப்போது பெரிதாக வேலை இருக்காது, அதனால் வருஷத்துக்கும் சேர்த்து அந்த இரண்டு மாதத்தில்தான் படம் பார்ப்பேன். இந்தத் தடவை பார்த்ததில் மனசை விட்டுப் போக மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பது 1960-இல் வந்த ஒரு ஜப்பான் படம், 'தி நேக்கட் ஐலண்ட்'. இயக்கியவர் கனேட்டோ ஷிண்டோ. கறுப்பு வெள்ளை, ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஓடும், அப்புறம் முக்கியமான விஷயம், படத்தில் பேச்சு கிடையாது என்றே சொல்லிவிடலாம். பாட்டு கேட்கும், சிரிப்பு கேட்கும், ஒரு இடத்தில் ஓலம் கேட்கும், வசனம்தான் இல்லை. சப்டைட்டில் படிக்கத் தெரியாத என் அம்மா கடைசிவரை உட்கார்ந்து பார்த்த ஒரே வெளிநாட்டுப் படம் இது. ஆகவே இந்த விமர்சனத்தில் பாதி அவருடையது.

கதை சின்னதுதான். ஜப்பானின் உள்கடலில் ஒரு குட்டித் தீவு, அதில் ஒரே குடும்பம். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பையன்கள், ஒரு ஆடு, சில வாத்துகள். சுற்றிலும் கடல், குடிக்க ஒரு சொட்டு இல்லை. துடுப்புப் படகில் அக்கரைக்குப் போய், வாளிகளில் மொண்டு, மறுபடி துடுப்புப் போட்டுத் திரும்பி, காவடிக் கம்பைத் தோளில் வைத்துச் செங்குத்தான மேட்டில் ஏறி, செடி செடியாக ஊற்ற வேண்டும். ஊற்றிய வேகத்தில் மண் குடித்துவிடுகிறது. திரும்பவும் படகு. விளைந்ததில் நிலத்துக்காரருக்கு வேறு மூட்டை கட்டிக் கொண்டுபோய்ப் போட வேண்டும்.

இதை யார் பார்ப்பது என்று முதல் கால் மணி நேரம் எனக்கே இருந்தது. அம்மாவுக்கு அந்தச் சிக்கலே வரவில்லை. 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்' என்று சினிமாவில் மேலதிகாரி மிரட்டுவாரே, அந்தக் காடு எங்கள் ராமநாதபுரம் ஜில்லாதான். வாலிநோக்கம் பக்கம் வளர்ந்த அம்மா மணலில் ஊற்று தோண்டி, சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்பியவர். நாலு சிரட்டை எடுத்தால் ஊற்று வற்றிவிடும், மறுபடி ஊறும்வரை குத்தவைத்துக் காத்திருக்க வேண்டும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் எங்கள் தெருவில் குழாய் என்றைக்குப் பேசும் என்று சொல்ல முடியாது, குடம் வைக்க வட்டம் வெட்டிய தள்ளுவண்டி இல்லாத வீடு குறைவு.

அந்தப் பெண்ணாக நடித்த நொபுகோ ஒட்டோவா மேடேறுகிற முதல் காட்சியிலேயே அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "நெசத் தண்ணிடா தம்பி. கம்பு வளையுது பாரு. வெறும் வாளின்னா கெடந்து ஆடும், இப்படி நடை வராது." நான் அதன் பிறகுதான் ஒட்டோவாவின் காலைப் பார்க்க ஆரம்பித்தேன். தோளும் தலையும் அசையாமல், முட்டி மட்டும் மடங்கி, வழுக்குகிற இடத்தில் விரலை ஊன்றி ஊன்றி ஒரு நடை. அழுதுகாட்டிப் பரிதாபம் வாங்குகிற வறுமைப் படங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இதில் வறுமை என்பது ஒரு எடை, அதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்குகிறார்கள் என்பது, அவ்வளவுதான்.

அதனால்தான் ஒரு தடவை அவள் கால் தடுக்கி ஒரு வாளி கவிழும்போது நெஞ்சு பக்கென்கிறது. புருஷன் (டைஜி டோனோயாமா) தன் சுமையை இறக்கிவைத்துவிட்டு வந்து அவளை ஓங்கி ஒரு அறை அறைகிறான். விழுந்தவள் எழுந்து வேலையைப் பார்க்கிறாள். எனக்குக் கோபம் வந்தது, இன்னும் போகவில்லை. அந்த அறைக்குப் படம் எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. அம்மா சொன்னது வேறு. "எங்கப்பா குடம் ஒடைஞ்சா எங்காத்தாள இப்படித்தான் அடிப்பாரு. அவ விழுந்ததுக்கு இல்ல, தண்ணிக்கு." அது இன்னும் மோசம் இல்லையா என்று கேட்டேன், பதில் இல்லை.

இடையில் குழாய் பேசியது. படத்தை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் குடம் பிடித்தோம்.

நடுவில் கொஞ்சம் சந்தோஷமும் உண்டு. பையன்கள் ஒரு பெரிய மீன் பிடித்துவிட, குடும்பமே டவுனுக்குப் போய் அலைந்து திரிந்து அதை விற்று, ஹோட்டலில் சாப்பிட்டு, டிவிப் பெட்டியை வாய் பிளந்து பார்க்கிறது. மீன் ஊரில் இருந்துகொண்டு, ஒற்றை மீனை விற்க இவ்வளவு பாடா என்று சிரித்துக்கொண்டே பார்த்தோம்.

அப்புறம் மூத்தவனுக்குக் காய்ச்சல். அப்பா படகில் போய் டாக்டரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. கூடப் படித்த பிள்ளைகள் டீச்சரோடு படகில் வந்து இறங்கும்போது அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அடக்கம் முடிந்து மறுபடியும் தண்ணீர்தான். தூக்கிவந்த வாளியை இந்தத் தடவை அவளே கவிழ்க்கிறாள், செடியைப் பிடுங்கி எறிந்து மண்ணில் விழுந்து கத்துகிறாள். அவன் அடிக்கவில்லை. நின்று பார்க்கிறான், பிறகு திரும்பித் தன் செடிக்கு ஊற்றப் போய்விடுகிறான். கொஞ்ச நேரம் கழித்து அவளும் எழுந்து ஊற்றுகிறாள். முன்னால் வந்த அறை இல்லாவிட்டால் இந்தக் காட்சிக்கு இவ்வளவு கனம் வந்திருக்காது. கோபம் போகாமலே இதை ஒத்துக்கொள்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. ஹிகாரு ஹயாஷியின் இசை நல்ல மெட்டு, ஆனால் படகுக்கும் அதே, மேட்டுக்கும் அதே, பாதிக்கு மேல் நான் சத்தத்தைக் குறைத்துவிட்டேன். அம்மாவின் குறை விவசாயக் குறை: "உச்சி வெயில்ல எவனாச்சும் செடிக்குத் தண்ணி ஊத்துவானா, வெந்துறாது?"

ஷிண்டோவின் சொந்தக் கம்பெனி மூடுகிற நிலையில் இருந்தபோது, கொஞ்சக் காசில், சின்னக் குழுவை வைத்துக்கொண்டு எடுத்த படம் இது. 1961-இல் மாஸ்கோ திரைப்பட விழாவில் பெரிய பரிசு வாங்கி, வெளிநாடுகளில் விலைபோய், கம்பெனியையே காப்பாற்றியது. செல்போனில் பார்க்காதீர்கள், அந்த மேட்டில் ஆள் எறும்பாகத் தெரிகிற காட்சியெல்லாம் வீணாகிவிடும். டிவியில் போட்டுப் பாருங்கள்.

மறுநாள் மீன் ஆய்ந்துகொண்டே அம்மா கேட்டார், "அந்தச் சின்னப் பய பெரியாளானதும் அங்கனயேவா இருந்திருப்பான்?" டவுனுக்குப் போயிருப்பான் என்றேன். "போயிருக்கணும்," என்று சொல்லிவிட்டுச் செதிலைத் தட்டினார்.