லொக்-அவுட் ஆன பிறகும் வேலை ஓட வேண்டும்: டிமக்ஸா, சிஸ்டம்டியா?

ஹட்டனில் எங்கள் வீட்டுக்குக் கொம்பியூட்டர் ஒன்றுதான். 4 ஜிபி ராம், உபுண்டு என்ற லினக்ஸ். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் தங்கச்சிக்குத் தனிக் கணக்கு. பாட வீடியோக்களை நள்ளிரவு கழிந்து கிடைக்கும் நைட் டேட்டாவில் என் கணக்கிலிருந்துதான் இறக்குவோம். விடியக்காலை நாலு மணிக்கு அவள் எழும்பி, "அண்ணே, உங்கட லொக்-அவுட் பண்ணவா?" என்று கேட்கும்போதுதான் சிக்கல். நான் வெளியேறினால் டவுன்லோடும் வெளியேறிவிடும்.

'பயனரை மாற்று' என்பதை அழுத்தினால் தீர்ந்துவிடும்தான். ஆனால் 4 ஜிபிக்குள் இரண்டு டெஸ்க்டொப் என்றால் பிரவுசர் நகராது. ஜன்னலோடு திறக்கும் மென்பொருள்களையும் விட்டுவிடுங்கள். திரை மூடினால் அவையும் மூடும். டொரண்ட் இறக்கும் ட்ரான்ஸ்மிஷனுக்குப் பதில் அதன் ஜன்னல் இல்லாத வடிவமான ட்ரான்ஸ்மிஷன்-டீமன், பிரவுசர் டவுன்லோடுக்குப் பதில் கட்டளையால் இறக்கும் டபிள்யூகெட் என்று போக வேண்டியதுதான்.

கட்டளைக்கு முன்னால் சேர்க்கும் நோஹப் (nohup) சின்ன வேலைக்குப் போதும். அது தடுப்பது டெர்மினல் மூடும்போது வரும் 'ஹேங்கப்' என்ற ஒரு சிக்னலை மட்டும். வேறு வழியில் கொன்றால் சாகும்.

டெர்மினல் ஜன்னலை மூடினாலும் உள்ளே ஓடுவதை ஓடவிடும் டிமக்ஸ் (tmux) எனக்குப் பிடித்தது. மறுபடி லொகின் ஆகி இணைந்தால், விட்ட இடத்திலேயே திரை நிற்கும். (1987இல் வந்த 'ஸ்கிரீன்' என்ற மென்பொருளுக்கும் இதே வேலைதான், நான் இரண்டு மூன்று தடவைக்கு மேல் பாவித்ததில்லை.) ஆனாலும் முதல் நாளே ஏமாந்தேன். டெஸ்க்டொப்பின் கட்டளை ஜன்னலான க்னோம் டெர்மினலில் தொடங்கிய டிமக்ஸ் லொக்-அவுட்டோடு போய்விட்டது. போனிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து லொகின் ஆகும் முறை) வழியாகத் தொடங்கியது உயிரோடு இருந்தது. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்துவது சிஸ்டம்டி (systemd). க்னோம் டெர்மினலில் தொடங்குபவை பயனருக்கான சிஸ்டம்டி மேலாளரின் கீழ் வருகின்றன. கடைசி அமர்வு முடிந்ததும் அந்த மேலாளர் தன் கீழ் உள்ளவற்றையும் சேர்த்து மூடிவிடுகிறது. இதைத் தடுக்க, லொக்-அவுட்டுக்குப் பிறகும் மேலாளரை ஓடவிடும் 'லொகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்' (loginctl enable-linger) என்ற கட்டளையை ஒரு தடவை கொடுத்தால் போதும்.

லிங்கர் போட்டபின் டிமக்ஸும் பிழைக்கும். பிறகு எதற்கு சிஸ்டம்டி சேவை (வேலையைப் பின்னணியில் தானாக ஓட்டச் சொல்லி எழுதும் ஃபைல்) என்று கேட்பீர்கள். கரண்டுக்காகத்தான்.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்தோம். இப்போது அப்படி இல்லை. ஆனால் தென்மேற்குப் பருவ மழையில் ஒரு கிளை கம்பியில் சாய்ந்தால் போதும், ராத்திரி இரண்டு மணிக்கு எல்லாம் இருட்டு. கரண்ட் திரும்பியதும் கொம்பியூட்டர் தானாக எழும்பும்படி பயோஸில் வைத்திருக்கிறேன். எழும்பிய கொம்பியூட்டரில் டிமக்ஸ் இருக்காது. நான் எழும்பி லொகின் ஆகித் திரும்பத் தொடங்க வேண்டும். அதற்குள் நைட் டேட்டா நேரம் முடிந்துவிடும். பயனர் சேவையாக எழுதி 'எனேபிள்' செய்து, லிங்கரும் போட்டிருந்தால், யாரும் லொகின் ஆகாமலே பூட் ஆனதும் அது தொடங்கும். டபிள்யூகெட்டுக்கு 'தொடர்' தெரிவைக் கொடுத்திருப்பதால், சர்வர் இடம் கொடுத்தால் அறுந்த இடத்திலிருந்தே இறக்கும். லைன் விழுந்து தோல்வியில் நின்றால், சேவை ஃபைலில் உள்ள 'ரீஸ்டார்ட்' வரி மறுபடி ஓட்டும். என்ன நடந்தது என்று சிஸ்டம்டியின் பதிவேடான ஜேர்னலில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு தடவை காலை பத்து மணிக்குக் கரண்ட் வந்தது. சேவை தன் கடமையைச் செய்து பகல் டேட்டாவைக் குடித்துவிட்டது. இப்போது சேவை ஓட்டும் ஸ்கிரிப்ட் முதலில் மணியைப் பார்க்கிறது. ஏழு தாண்டியிருந்தால் சத்தமில்லாமல் முடிந்துவிடும்.

ஹோம் ஃபோல்டரை லொகினில் திறக்கும்படி என்கிரிப்ட் செய்தவர்களுக்கு இது சரிவராது. லொகின் ஆகும்வரை சேவையின் ஃபைலே கண்ணுக்குத் தெரியாது. முதல் தடவை எழுதுவதற்கும் எனக்கு ஒரு பின்னேரம் பிடித்தது. டிமக்ஸுக்கு ஐந்து நிமிடம்.

இறக்கிய வீடியோக்களைத் தங்கச்சியின் போனுக்குச் சுருக்கும் வேலையை இன்னும் டிமக்ஸில்தான் ஓட்டுகிறேன். அது நின்றால் மறுநாள் ஓட்டிக்கொள்ளலாம், டேட்டா போகாது.