மலை வீட்டில் கேஸ் கீசர்: முதலாவது நாலு வருஷம், இரண்டாவது இன்னும் ஓடுகிறது

எங்கள் வீடு நீலகிரியில் ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்தியில், கேரட் தோட்டங்களுக்கு மேலே சரிவில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். 2012 நவம்பரில் முதல் கேஸ் கீசர் வாங்கினோம். 2017 ஜனவரியில் அது போய்விட்டது. அடுத்த மாதமே வாங்கிய இரண்டாவதுக்கு இது ஒன்பதாவது குளிர்காலம். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே ஆறு லிட்டர் மாடல். அதனால் எந்த பிராண்ட் நல்லது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஒரே மாதிரி இரண்டு மெஷினில் ஒன்று சீக்கிரம் போய், மற்றது ஏன் இத்தனை வருஷம் உழைக்கிறது என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

அதற்கு முன்னால் எங்களுக்கு விறகு பாய்லர்தான். சீகைக் கட்டை காய்ந்திருந்தால் கவலையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் விறகெல்லாம் ஊறிப்போய், ஊதி ஊதி அத்தைக்குக் கண் சிவந்துவிடும். நடுவில் ஒரு வருஷம் கரண்டில் ஓடும் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் வைத்துப் பார்த்தோம். கோயம்புத்தூரில் உறவினர் வீட்டில் அது அருமையாக வேலை செய்ததைப் பார்த்துத்தான் வாங்கினோம். இங்கே ஜனவரியில் குழாய்த் தண்ணீர் 12 டிகிரி. அதை 40 டிகிரிக்குக் கொண்டுவர 28 டிகிரி ஏற்ற வேண்டும். 20 லிட்டர் வாளிக்கு 560 கிலோகலோரி. 3 கிலோவாட் ஹீட்டர் நிமிடத்துக்கு 43 கிலோகலோரிதான் கொடுக்கும். ஒரு வாளி நிறையப் பதின்மூன்று நிமிடம்! அதிலும் மரம் விழுந்து கரண்ட் போய்விட்டால் அன்றைக்குக் குளியலே இல்லை. கணக்கை வாங்குவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும்; நான் பள்ளிக்கூடத்தில் நடத்துகிற பாடம்தான் அது.

கேஸ் கீசரின் அட்டைப்பெட்டியில் ஆறு லிட்டர் என்று போட்டிருந்தால், நிமிடத்துக்கு ஆறு லிட்டர் தண்ணீரை 25 டிகிரி ஏற்றும் என்று பொருள். கீழே சமவெளியில் 27 டிகிரித் தண்ணீருக்கு அது தாராளம். இங்கே அதே வேகத்தில் விட்டால் 37 டிகிரியைத் தாண்டாது, வாளிக்கு வருவதற்குள் இன்னும் ஆறிவிடும். குழாயைக் குறைத்து வைத்தால்தான் நல்ல சூடு வரும். எங்கள் வீட்டில் வாளி நிறைய ஜனவரியில் ஐந்து நிமிடம் ஆகிறது. கேஸ் ஒரு வாளிக்கு ஏறக்குறைய 65 கிராம். 14.2 கிலோ சிலிண்டர் 200 வாளிக்குக் கொஞ்சம் மேலே வரும். நாலு பேர் தினம் ஒரு வாளி என்றால் ஐம்பது நாள்.

சரி, ஆயுள் விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு 2014-இல் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

முதல் மெஷினைக் குளியலறைக்குள்ளேயே மாட்டியிருந்தோம். மாட்ட வந்தவர் அங்கேதான் மாட்டினார், நாங்களும் கேள்வி கேட்கவில்லை. ஜன்னலில் குளிர்காற்று வருகிறதென்று அத்தை பழைய கோணியைச் சுருட்டி அடைத்து வைத்திருந்தார். ஒரு டிசம்பர் காலை குளித்துவிட்டு வந்தவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்றார். வெளித் திண்ணையில் உட்காரவைத்துக் காற்று பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தார். ஒரு வாரமாகவே குளித்தபின் தலைவலி இருந்ததாக அப்புறம்தான் சொன்னார். வயசாகிவிட்டது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாராம்.

அன்று மாலை ஊட்டியிலிருந்து வந்த மெக்கானிக் கீசரின் மூடியைக் கழற்றிக் காட்டினார். மேலே இருக்கும் செம்புத் தகடுகளுக்கு நடுவே பானை அடியில் படிவது மாதிரி மெத்தென்று கரி. பர்னரைப் பற்றவைத்தார். நீலமாக நிற்க வேண்டிய ஜ்வாலை மஞ்சளாக, நுனி ஆடிக்கொண்டு எரிந்தது. "டீச்சர், இந்த மஞ்சள்தான் அம்மாவை மயக்கியது" என்றார். பர்னர் குழாயின் வாயில், கேஸ் காற்றோடு கலக்கிற இடத்தில், கம்பியை விட்டுச் சுழற்றி எடுத்தபோது பஞ்சு மாதிரி வெள்ளையாகச் சிலந்திக் கூடு வந்தது. இரண்டு குழாயில் கூடு இருந்தது.

காற்று போதாமல் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். எங்கள் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே சரியாக எரியும்படி துளையிட்ட பர்னர், இங்கே புதிதாக இருக்கும்போதே கொஞ்சம் காற்றுக்குத் திணறும். அதோடு சிலந்திக் கூடும் அடைத்த ஜன்னலும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? கரி படிந்தால் புகை வெளியேறும் இடுக்கு இன்னும் சுருங்கும், ஜ்வாலை இன்னும் மஞ்சளாகும். மெஷினின் ஆயுளைக் குறைப்பதும் அதே கரிதான், வீட்டில் இருப்பவர்களை ஆபத்தில் தள்ளுவதும் அதே கரிதான். தயவுசெய்து கீசரைக் குளியலறைக்கு வெளியே மாட்டுங்கள். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளாத வாடகை வீடாக இருந்தால், கதவையும் ஜன்னலையும் திறந்துவைத்து வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை அணைத்துவிட்டு, அப்புறம் உள்ளே போய்க் குளியுங்கள்.

மறுநாளே கீசரை வெளிச்சுவருக்கு மாற்றினோம். கேஸ் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் வெளியே வைத்ததால் வேறு ஒன்று வந்தது.

இங்கே குளிர்காலம் நீர்ப்பனியில் ஆரம்பித்து உறைபனிக்குப் போகும். பள்ளத்தாக்கின் அடியில் புல்லெல்லாம் உப்பைக் கொட்டினது மாதிரி வெளுத்துக் கிடக்கும். 2017 ஜனவரியில் அப்படி ஒரு விடியலில் குழாயைத் திறந்தேன். வெந்நீர் வரவில்லை, கீசரின் அடியிலிருந்து பச்சைத் தண்ணீர் கொட்டியது. ராத்திரி, 'காயில்' என்கிற செம்புச் சுருள் குழாய்க்குள் நின்ற தண்ணீர் உறைந்திருக்கிறது. உறையும்போது தண்ணீர் ஒன்பது சதவீதம் பெருக்கும். வளைவில் விரல் நீளத்துக்குக் குழாய் வெடித்திருந்தது. வெடிப்பைப் பற்றவைத்துத் தரலாம், ஆனால் சூடு படும் இடம், நிற்காது என்று மெக்கானிக் சொன்னார். நாலு வருஷத்தில் முதல் மெஷின் முடிந்த கதை இதுதான். கம்பெனியின் வாரன்டி உறைபனிக்கு இல்லை.

இப்போது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ராத்திரி படுக்கப்போகுமுன் தண்ணீர் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கீசரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைக் கழற்றிவிடுகிறோம். ஒரு டம்ளர் தண்ணீர் வடியும். இரண்டு நிமிட வேலை. அந்தத் திருகு இருப்பது முதல் நாலு வருஷமும் எங்களுக்குத் தெரியாது. மேலே ஒரு தகரச் சாய்ப்பு போட்டிருக்கிறோம், மழைக்காக மட்டும். நாலு பக்கமும் அடைத்துப் பெட்டி மாதிரி கட்டிவிடாதீர்கள், பழையபடி காற்று போதாமல் போகும்.

அடுத்தது டயாப்ரம். கேஸ் கீசரில் அடிக்கடி போவது இதுதான், போனால் மெஷினே போய்விட்டது என்று பலர் நினைப்பதும் இதைத்தான். உள்ளங்கை அளவு வட்டமான ரப்பர். குழாயைத் திறந்ததும் தண்ணீரின் அழுத்தம் இதைத் தள்ளும். இது ஒரு பின்னைத் தள்ளும். அந்தப் பின் கேஸ் வழியைத் திறந்து, டக் டக் என்று பொறியையும் போடும். தண்ணீர் நின்றால் ரப்பர் பின்வாங்கி கேஸ் அடைபடும். எங்கள் குளிரில் ரப்பர் சீக்கிரம் விறைத்துவிடுகிறது. இரண்டாவது மெஷினில் மூன்று முறை மாற்றிவிட்டோம். முதல் முறை, சர்வீஸ் சென்டரில் பதிவு செய்து பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். கீழேயிருந்து வந்தவர் மூடியைக்கூடக் கழற்றாமல், "காயில் போயிடுச்சு மேடம், புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வருகைக் கட்டணம் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு மனசு ஆறவில்லை. நம்ம ஊட்டி மெக்கானிக் வந்து நாலு திருகைக் கழற்றி, ஓரத்தில் கிழிந்த ரப்பரைக் கையில் எடுத்துக் கொடுத்தார். நூற்றைம்பது ரூபாய் சாமான். அந்த மெஷின்தான் இன்னும் ஓடுகிறது.

அறிகுறி எளிது. குழாயைத் திறந்தும் டக் டக் சத்தம் வராமல், அல்லது தாமதமாக, குழாயை முழுசாகத் திறந்தால் மட்டும் வந்தால், முதலில் உள்ளே போடும் இரண்டு பெரிய டார்ச் பேட்டரியைப் பாருங்கள். மேகமும் சாரலும் படும் இடத்தில் பேட்டரி முனையில் பச்சை பூத்துவிடும், உப்புத்தாளால் தேய்த்தால் போதும். பேட்டரி சரியாக இருந்தால் டயாப்ரம். இதற்கு நேர்மாறாக, குழாயை மூடிய பிறகும் ஜ்வாலை எரிந்தால் அந்தப் பின் சிக்கியிருக்கிறது. உடனே சிலிண்டரை மூடுங்கள், மெக்கானிக் வரும்வரை தொடாதீர்கள். எங்களுக்கு இது ஒருமுறை நடந்தது. சூடு மிஞ்சினால் தானே அணைக்கும் சென்சார் இருந்ததால் பிழைத்தோம்.

பல்லடத்தில் இருக்கும் என் தங்கை வீட்டில் கதை வேறு. அங்கே குளிர் இல்லை, உறைபனி இல்லை, ஆனால் போர் தண்ணீர். மூன்றே வருஷத்தில் காயிலுக்குள் சுண்ணாம்பு மாதிரி உப்பு கட்டி, தண்ணீர் நூலாக வந்தது. சிட்ரிக் ஆசிட் கரைத்த தண்ணீரை உள்ளே நிறுத்திக் கழுவித்தான் மீட்டார்கள். இப்போது வருஷத்துக்கு ஒருமுறை அதைச் செய்கிறாள். எங்கள் ஊற்றுத் தண்ணீர் மென்மையானது. பன்னிரண்டு வருஷமாக ஒரே கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைக்கிறேன், அடியில் வெள்ளைப் படிவு கிடையாது. உங்கள் வீட்டுக் கெட்டிலைப் பார்த்தாலே உங்கள் கீசருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். எங்களுக்கு உப்புக்குப் பதிலாக மண். வடகிழக்குப் பருவமழையில் ஊற்று கலங்கி, சன்னமான செம்மண்ணும் மக்கிய இலைத் துணுக்கும் தண்ணீர் உள்ளே போகும் இடத்தில் இருக்கும் வலையில் அடைத்துக்கொள்ளும். டீ வடிகட்டியின் அடிப்பாகம் மாதிரி சின்ன வலை. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை கழற்றிப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கிறோம்.

குளிரில் ஜ்வாலை சின்னதாகிவிட்டால் உடனே கீசரைச் சந்தேகப்படாதீர்கள். சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகும். பியூட்டேன் ஆவியாவது பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே, மைனஸ் அரை டிகிரியில். உறைபனி விடியலில், அதுவும் சிலிண்டர் தீரும் சமயத்தில், மிச்சம் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன்தான். அது எழும்பி வராது. சிலிண்டரின் மேல் வெந்நீர் ஊற்றுவதும், படுக்கப்போடுவதும் எங்கள் பக்கத்தில் சிலர் செய்கிற காரியம். இரண்டுமே ஆபத்து. வெயில் வந்தபின் குளியுங்கள், அவ்வளவுதான்.

அமெரிக்க எரிசக்தித் துறை, டேங்க் இல்லாத ஹீட்டர்களில் பெரும்பாலானவை 20 வருஷத்துக்கு மேல் உழைக்கும் என்கிறது. அது அங்குள்ள மெஷின்களை வைத்துப் பொதுவாகச் சொன்னது. நம் சுவரில் தொங்கும் சின்ன கீசரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. எங்கள் மெக்கானிக் பத்து வருஷம் கண்டவை உண்டு என்கிறார், வருஷா வருஷம் திறந்து சுத்தம் செய்த வீடுகளில். எங்களுடையதை ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் திறக்கிறோம். பர்னரில் கூடு, தகட்டில் கரி, டயாப்ரம், வலை, கேஸ் கசிவு இருக்கிறதா என்று சோப்பு நுரை. ஒரு மணி நேர வேலை. இடையில் நான் தினம் பார்ப்பது பார்வைக் கண்ணாடி வழியே தெரியும் ஜ்வாலையை மட்டும்தான். அத்தையும் இப்போது குளிக்கப் போகுமுன் குனிந்து பார்த்து, "நீலம்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்.

புதிதாக வாங்குகிறவர்கள் ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐ.எஸ். 15558 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள், எல்பிஜி கீசருக்கான தரநிலை அது. சிலிண்டரிலிருந்து கேஸ் வரும் ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூபை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வாங்கிய தேதியை நான் கீசரின் பக்கவாட்டில் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறேன், அதற்குக் கீழே டயாப்ரம் மாற்றிய மூன்று தேதிகளும் இருக்கின்றன. நாலாவதுக்கு இடம் விட்டிருக்கிறேன்.